இடது கதவு

“ஏலே, சுரண்டச் சொன்னா சுரண்டணும்! பட்டிக்கு மேல பட்டியைப் பூசி யார் கண்ணுல மண்ணைத் தூவப் போற?”

“எக்கா, வண்டி முழுசையும் சுரண்டிக்கோ. நான் வேண்டாங்கல. அந்த இடது கதவை மட்டும் விட்டிருன்னுதான் சொல்லுதேன். ஒத்தக் கதவு!”

“அது என்னலே, அந்தக் கதவுக்கு மட்டும் தீட்டு?”

“தகரம் இத்துப் போயிருக்கும்க்கா. தொட்டா கையோட வந்திரும்.”

“வரட்டும். வந்தா பாய் புதுத் தகரம் வச்சு ஒட்டுவாரு. பின்ன அவரை என்ன காப்பி குடிக்கவா கூப்பிட்டிருக்கு?”

காலை எட்டு மணிக்குக் கொக்கிரகுளம் கீழத்தெருவில் ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தில் குழாயை மூடிவிடுவார்கள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் ஒரு வார்த்தை தப்பிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்குமா? அன்று அடுத்தடுத்து நான்கு குழாய்கள் மூடின.

சத்தம் போட்டவள் சண்முகசுந்தரி. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவள். முப்பத்தேழு வயது. அத்தை மகனோடு நிச்சயமாகி அது முறிந்த கதை தெருவுக்கே தெரியும். அதற்குப் பிறகும் ஏன் ஒருத்தனும் அமையவில்லை என்பதற்குத்தான் மூன்று காரணங்கள் புழக்கத்தில் இருந்தன: ஜாதகம், வாய், இடது கால் இரண்டாம் விரலின் நீளம். மூன்றையும் சொன்னவர்கள் அவள் காலைக் குனிந்து பார்த்தவர்கள் இல்லை.

எதிர்த்து நின்றவன் தம்பி மாரிராஜ். மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை. முதல் பிள்ளை பிறந்த அன்றைக்குக்கூட அரை நாள் கடைக்குப் போய் வந்தவன், ஒரு பழைய லாரியைச் சுரண்டுவதற்கு முழு நாள் லீவு போட்டிருந்தான். அதிலேயே சுந்தரிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தம்பிக்கு அப்பாவின் வண்டி மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

லாரி என்றால் இப்போது ஓடுகிற தட்டை முகம் இல்லை. முன்னால் மூக்கு நீண்ட பழைய காலத்து லாரி. ‘லாரிக்காரர்’ ஆண்டியப்பன் அதை வாங்கியது 1961இல். அவர் போய் மூன்று வருஷமாகிறது. அவர் போன நாளிலிருந்து அது காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில் நின்றது. எஞ்சினில் கோழி அடைகாத்தது.

போன வாரம்தான் அக்காளும் தம்பியும் அதை விற்பதென்று ஒரு மனதாக முடிவெடுத்தார்கள். கேட்டவர் சாத்தான்குளத்து நேசையா. நாங்குநேரியில் மெயின் ரோட்டு மேல் ஓட்டல் திறக்கிறார். வாசலில் மூக்கு லாரி நின்றால், போகிற டிரைவர்கள் பிரேக்கை மிதிப்பார்கள் என்று அவர் கணக்கு. ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார்.

“பட்டி வச்சு மூடின வண்டி எனக்கு வேண்டாம் தாயி. அடி பட்டிருந்தா அடி பட்ட மாதிரியே காட்டுங்க. வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவேன். காந்தத்தோட வருவேன்.”

தகரம் நெளிந்த இடத்தைத் தட்டி நிமிர்த்தச் சோம்பல்படுகிறவர்கள், பட்டி என்கிற மாவைக் குழைத்துப் பள்ளத்தை அடைத்து மேலே பெயிண்டை அடித்துவிடுவார்கள். கண்ணுக்கு வழவழவென்று இருக்கும். காந்தத்தை வைத்தால் மட்டும் ஒட்டாது, நழுவி விழுந்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள் பழைய வண்டி வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள்.

அந்த வியாழக்கிழமைதான் இது. மேலப்பாளையத்திலிருந்து டிங்கர் அசன் முகம்மது ஆறரை மணிக்கே சைக்கிளில் வந்து சுத்தியல், அடிக்கட்டை, சுரண்டிகள், பெயிண்ட் ரிமூவர் டின் எல்லாவற்றையும் சாக்கு விரித்துப் பரப்பிவிட்டார். அக்காளும் தம்பியும் ஓய்கிற வரை சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் சண்டையில் தலையிடாததால்தான் அவருக்கு முப்பது வருஷமாகத் தொழில் ஓடுகிறது.

“என்ன தங்கச்சி, முடிவு பண்ணியாச்சா?”

“இடது கதவுலயே ஆரம்பிங்க பாய்” என்றாள் சுந்தரி.

அசன் முகம்மது கதவை விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக். தலையை ஆட்டிக்கொண்டார். வலது கதவைத் தட்டினார். டண் என்றது.

“கேட்டியளா? தகரம்னா இப்படிப் பேசணும். அந்தக் கதவு பேசவே மாட்டேங்கு. இதைப் பூசினவன் டிங்கர் இல்ல தங்கச்சி. தோசை மாஸ்டர். ஊத்தாப்பம் ஊத்தி வச்சிருக்கான்.”

மதில் மேல் இரண்டு தலைகள் சிரித்தன. மாரிராஜ் சிரிக்கவில்லை. அவன் காலடியில்தான் ரிமூவர் டின் இருந்தது. அவன் எதற்கோ திரும்பினான், கால் இடித்தது, டின் கவிழ்ந்து மருந்து முழுவதும் மண்ணில் ஓடியது. வேப்பமரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்த கோழி பறந்து மதிலேறியது.

“அய்யய்யோ, கொட்டிப் போச்சே! இனி டவுனுக்குப் போயி வாங்கி... நேரமாயிரும் பாய். பேசாம கதவை விட்டிருவோம்.”

“என்ன வே பேசுதீரு? மேலப்பாளையத்துக்காரன் ஒத்த டின்னோடயா வேலைக்கு வருவான்?” அசன் முகம்மது சைக்கிள் கேரியரிலிருந்து இன்னொரு டின்னை எடுத்தார்.

மருந்தைப் பிரஷ்ஷில் தொட்டுக் கதவில் தடவினார். கொஞ்ச நேரத்தில் பச்சைப் பெயிண்ட், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. சுரண்டியை வைத்து இழுத்தார். பச்சை சுருண்டு விழுந்தது. அதன் அடியில் செங்கல் நிறம். அதற்கும் அடியில் மஞ்சள். வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்கு ஒரு கை பெயிண்ட் அடிப்பது ஆண்டியப்பன் வழக்கம். அவர் ஆயுளே அடுக்கடுக்காகச் சாக்கில் விழுந்துகொண்டிருந்தது.

மருந்து வேலை செய்கிற இடைவெளியில் சுந்தரி லாரிக்குள் ஏறினாள். பொருள் ஏதாவது கிடந்தால் எடுத்துவிடலாம் என்று. டிரைவர் ஸீட்டுக்கு நேர் மேலே, கண்ணாடிக்கு மேல் ஓடிய பலகையில் பென்சில் எழுத்து இருந்தது. ‘சாத்தான்குளம். கருப்பட்டி. 62 சிப்பம்.’ ‘அம்பாசமுத்திரம். நெல்.’ ‘சாத்தான்குளம். கருப்பட்டி.’ எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்து, காற்றடித்த நாற்று மாதிரி. இடது கையால் எழுதினால் அப்படித்தான் விழும்.

சுந்தரி பலகையைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சுடலைமாடன். அத்தை மகன். அப்பாவிடம் டிரைவர். இடது கைக்காரன். வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. 1979, புரட்டாசி. தை பிறந்ததும் கல்யாணம்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கையில் ஒரு காலை. இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்தவன், கேட்டுக்கு வெளியே லாரியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான். அவள் கோலப்பொடி டப்பாவோடு நின்றாள். தெரு இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் அவன் நேரே வீட்டுக்குப் போயிருப்பான். நிச்சயத்துக்கும் தாலிக்கும் நடுவே பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாக நின்று பேசக் கூடாது. பேசினால் அப்பா தோலை உரித்துவிடுவார்.

அவன் ஓலைக் கொட்டான் ஒன்றை நீட்டினான். உள்ளே நான்கு கருப்பட்டி.

“இந்த வருசத்துக் கடைசிப் பதநீர்ல காய்ச்சினது. உங்கம்மைகிட்ட குடுத்திராத. நீ தின்னு.”

ஒரு முழம் தள்ளித்தான் நின்றான். அவன் பேசின காற்று அவள் முகத்தில் பட்டது. சுக்குக் காப்பி, டீசல். வேறு ஒரு வாசனையும் இல்லை. லாரியின் வலது பக்கம் நின்று பேசியதால் இடது கதவை அவள் பார்க்கவில்லை. அவன் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து திரும்பிய ஆண்டியப்பன் லாரியைச் சுற்றி வந்தார். இடது கதவு உள்வாங்கிக் கிடந்தது. மேலே, துருப் பிடிக்காமலிருக்க அடிக்கிற ரெட் ஆக்சைடு சிவப்பாகப் பூசியிருந்தது. தெருவைக் கூட்ட அவர் குரலே போதும்.

“குடிச்சிட்டு எங்கயோ கொண்டு சொருகிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி விட்டுட்டுப் போயிருக்கான்!”

தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தார்கள். சுடலைமாடன் கதவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். “நான் இடிக்கல மாமா” என்று ஒரு தடவை சொன்னான். இரண்டாவது தடவை சொல்லவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

“சுந்தரி, நீ சொல்லு. நான் குடிச்சிருந்தேனா?”

தெரு முழுக்க அவளைப் பார்த்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொன்னால் அடுத்த கேள்வி எங்கிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியும். உனக்கு எப்படிட்டி தெரியும்? எவ்வளவு பக்கத்துல நின்ன? வாசனை பிடிக்கிற அளவுக்கா?

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

அவன் திரும்பி நடந்தான். அத்தை வந்து வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். ஆயுத பூஜைக்குள் அப்பா யாரோ ஒரு ஆளைப் பிடித்துக் கதவில் பட்டி பூசி மஞ்சள் அடிக்க வைத்தார். அவன் அம்பாசமுத்திரம் போய் ஒரு தனியார் பஸ்ஸில் ஏறியதும், இரண்டு வருஷம் கழித்து விக்கிரமசிங்கபுரத்தில் பெண் எடுத்ததும் தெரு வழியாகத்தான் அவள் காதுக்கு வந்தன. தெரு இந்த மாதிரி விஷயங்களைக் கூலி வாங்காமல் வீட்டுக்கே கொண்டுவந்து தரும்.

அவளும் காலப்போக்கில் அவன் குடித்திருக்கத்தான் வேண்டும் என்று நம்பிவிட்டாள். வாசனை வராத அளவுக்கு ஏதாவது குடித்திருப்பான். இல்லையென்றால் அந்தக் கதவு எப்படி நெளிந்தது? அந்த நம்பிக்கையில்தான் பதினேழு வருஷம் ‘ASDF’ சொல்லிக்கொடுக்க முடிந்தது.

“தங்கச்சி, இங்கன வாங்க! ஊத்தாப்பம் எந்திரிச்சிட்டு!”

இறங்கினாள். மணி பன்னிரண்டு. அசன் முகம்மது சுரண்டியை நெம்புகோலாகக் கொடுத்துப் பட்டியை அடையோடு பெயர்த்திருந்தார். ஒரு விரல் கனம். கீழே போட்டதும் ஓடு மாதிரி உடைந்தது.

“வேலை பாத்த லட்சணத்தைப் பாருங்க. பட்டி போடுமுன்ன பழசை உரசி எடுக்கணும். இவன் உரசவே இல்ல. எல்லாத்தையும் உள்ள வச்சே மூடிட்டான். ஒரு வகைல நல்லதாப் போச்சு, துருவே ஏறல. அன்னைக்கு இருந்தது அன்னைக்கு மாதிரியே இருக்கு.”

அவர் பைய மருந்தைத் தடவி ரெட் ஆக்சைடை வழித்தார்.

“இப்பப் பாருங்க. மஞ்சள் வண்டியோட நிறம், சரி. அதுக்கு மேல சிவப்பு, ரெட் ஆக்சைடு, சரி. நடுவுல இது என்ன? நீலமா பச்சையா? இது வண்டிப் பெயிண்டே இல்ல. இடிச்ச இடத்துல இருந்து அப்பிக்கிட்டு வந்தது. இதை யாரும் பாத்திரக் கூடாதுன்னு அவசரமா சிவப்பை அடிச்சிருக்கான்.” தலையைச் சாய்த்துப் பார்த்தார். “நெளிவும் ஒரு தினுசா இருக்கே. ஏதோ பூ மேல போயி இடிச்ச மாதிரி.”

தகரத்தில் ஐந்து இதழ்கள் குழிந்திருந்தன. அரைத் தாமரை.

சுந்தரி திரும்பினாள். ஐந்தாறு எட்டு தள்ளி வீட்டு இரும்புக் கேட் திறந்து கிடந்தது. மேல் சட்டத்தில் இரும்புத் தாமரை. அதில் ஒரு இதழ் எப்போதோ வளைந்து போயிருந்தது. கருப்பட்டி வண்டி மாடு முட்டியது என்று கதை. அப்படிச் சொன்னவன் மாரிராஜ்.

அவள் சுரண்டியை வாங்கிக்கொண்டு போனாள். கேட் கீலின் அடிப்பக்கத்தில் அலுமினியப் பெயிண்டைச் சுரண்டினாள். கீழே அது இருந்தது. நீலமும் இல்லாத பச்சையும் இல்லாத அந்த நிறம். ஜன்னலுக்கு அடித்து மீந்த பச்சையை வீணாக்காமல் நீலத்தில் ஊற்றி அப்பாவே கலக்கியது. அது எந்த நிறத்தில் சேர்த்தி என்று தெருவில் டீக்குப் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் வேறு எங்கும் அந்த நிறம் கிடையாது.

மாரிராஜ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

“சொல்லுலே.”

“என்ன சொல்ல?”

“மாடா முட்டுச்சு?”

அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. மாரிராஜின் மனைவி கலைச்செல்விக்கும் தெருக் காற்று கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“அன்னைக்கு ரெண்டு மணி இருக்கும்க்கா” என்றான் மாரிராஜ். தரையைப் பார்த்தே பேசினான். “அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாவ. ஆணியில சாவி தொங்குச்சு. நானே வண்டியை உள்ள கொண்டாந்து நிறுத்திட்டா அப்பா அசந்து போவாவன்னு நினைச்சேன். திருப்பம் பத்தல. கேட்டுல அப்படியே அமுங்கிட்டு. பின்னால எடுத்து வெளியவே விட்டுட்டேன். கதவெல்லாம் கேட்டு நிறம். பயந்து போயி ரெட் ஆக்சைடை எடுத்துப் பூசிட்டேன்.”

“அப்பா கேக்கும்போது?”

“எங்கயோ இடிச்சிருக்கு, துருப் பிடிக்குமேன்னு நான் பூசினேன்னு சொன்னேன். அப்பா என் தோளைத் தட்டிக் குடுத்தாவ. ‘பொறுப்பான பய’ன்னு. அதுக்கு முன்ன அப்பா என்னைத் தட்டிக் குடுத்ததே இல்லக்கா. அதுக்கு மேல நான் எப்படிச் சொல்ல?”

வாய் பேச முடியாத ஜீவன் இரண்டின் மேல் பழி போட்டிருக்கிறான் இந்தப் பொறுப்பான பயல். ஒன்று மாடு. இன்னொன்று, பேசிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்ட மனுஷன்.

“பாவி! என் வாழ்க்கைலே அது. ஒரு வார்த்தை. ஒத்த வார்த்தை சொல்லிருக்கலாம்லா? அத்தனை பேரு முன்னால அந்த மனுஷனைக் குடிகாரன்னு...”

“நான் சொல்லலதான்.” அவன் முதல் தடவையாக நிமிர்ந்தான். “நீயும் சொல்லலியே.”

“என்னது?”

“காலைல நான் மாடில பல் தேச்சிக்கிட்டு நின்னேன். நீயும் அத்தானும் கேட்டுக்கிட்ட நின்னு பேசினதைப் பாத்தேன். கருப்பட்டி வாங்கினதையும் பாத்தேன். அவரு குடிக்கலன்னு உனக்குத் தெரியும்க்கா. சாயங்காலம் அவரு உன்னைக் கேக்கும்போது நான் உன் முகத்தையேதான் பாத்துக்கிட்டு நின்னேன். நீ இல்லன்னு சொல்லிருந்தா நானும் சொல்லிருப்பேன். சத்தியமாச் சொல்லிருப்பேன். நீயே எனக்குத் தெரியாதுன்னுட்ட. சரி, அக்காவே வேண்டாங்குதான்னு விட்டுட்டேன்.”

சுந்தரிக்கு அவனை அறையக் கை வந்தது. அந்தக் கையில் சுரண்டி இருந்தது. அதைச் சாக்கின் மேல் வைத்தாள். அதற்குள் அறைகிற நேரம் போய்விட்டது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அப்பா யாரிடமும் சொல்லாமல் தனியாக நின்று கேட்டுக்கு அலுமினியப் பெயிண்ட் அடித்தார். ஆசை ஆசையாகக் கலக்கிய நிறத்தை எதற்கு மறைத்தார்? வளைந்த இதழைப் பார்த்தாரா? பார்த்துவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுத்தாரா? கேட்க ஆள் இல்லை. போட்டோச் சட்டத்துக்குள் மாலையோடு இருக்கிறார்.

“தங்கச்சி...” அசன் முகம்மது தொண்டையைச் செருமினார். சொந்தக்காரர்கள் சண்டையில் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. “நான் பாட்டுக்கு நிறத்தைப் பத்திப் பேசிட்டேன். தட்டி நிமித்திரவா? ஒரு மணி நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆக்கிரலாம்.”

“வேண்டாம் பாய். நாலு மணிக்கு அவரு வந்து பாக்கட்டும். பெறவு தட்டுங்க.”

நேசையா சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் நூலில் கட்டின காந்தம். பிரகாரம் சுற்றுகிற மாதிரி லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். காந்தம் போன இடமெல்லாம் டக் டக்கென்று ஒட்டியது. வெறும் தகரமாக நின்ற இடது கதவிலும் ஒட்டியது. அவர் முகம் மலர்ந்தது.

“சபாஷ்! மறைக்காம காட்டியிருக்கிய. சந்தோசம். ஆமா, இங்கன எப்படி அடி பட்டுச்சு?”

மதில் மேல் இப்போது ஏழு தலைகள். சுந்தரி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அன்றைக்கும் இதே தலைகள்தான். அப்போது நரை இல்லை.

“எங்க வீட்டுக் கேட்டுல இடிச்சது அண்ணாச்சி. இடிச்சது எங்க வீட்டு ஆளுதான். டிரைவர் இல்ல.” குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. “டிரைவர் அன்னைக்குக் குடிக்கவும் இல்ல. எனக்குத் தெரியும். நான் பக்கத்துல நின்னேன். மூச்சுக் காத்து படுத தூரத்துல நின்னேன்.”

நேசையா காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

“டிரைவரு குடிச்சாருன்னு நான் சொல்லலியே தாயி?”

“இல்ல. நீங்க சொல்லல.”

“பின்ன எதுக்கு எங்கிட்ட...?”

மதில் மேல் தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சற்று நேரத்தில் தெருவில் ஒரு குழாய் திறந்துகொண்டது. பிறகு இன்னொன்று. காலையில் மூடின நான்கும் திறந்து, தண்ணீர் சத்தம் போட்டு விழுந்தது.

அசன் முகம்மது அடிக்கட்டையை உட்புறம் அணைத்துக்கொண்டு வெளியிலிருந்து சுத்தியலைப் போட்டார். முதல் இதழ் நிமிர்ந்தது. இரண்டாவது நிமிர்ந்தது. நல்ல டிங்கர். இருட்டுவதற்குள் கதவு டண் என்று பேசியது.

மறுநாள் இன்ஸ்டிடியூட்டில் பெண்கள் போன பிறகு சுந்தரி தமிழ் மெஷினில் ஒரு தாளைச் செருகினாள். கல்யாணமாகாதவள் ஒரு குடும்பஸ்தனுக்குக் கையால் எழுதினால் அது கடிதம். அவன் பெண்டாட்டி கையில் கிடைத்தால் வீடு இரண்டாகும். டைப் அடித்து உயர்திரு போட்டால் அது தகவல். அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

‘உயர்திரு சுடலைமாடன் அவர்களுக்கு. 1979ஆம் வருடம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாட்கள் முன்பு மாலையில், தாங்கள் என்னிடம் கேட்ட கேள்விக்கான பதில் காலதாமதமாக அனுப்பப்படுகிறது. தாங்கள் குடித்திருக்கவில்லை. வண்டியை இடித்தவரும் தாங்கள் அல்ல. எனக்குத் தெரியும். இப்படிக்கு, ஆ. சண்முகசுந்தரி.’

தெருவில் விசாரித்து வைத்திருந்த விலாசத்தையும் கவர் மேல் டைப் அடித்து அன்றைக்கே தபாலில் போட்டாள். பழக்க தோஷத்தில் கார்பன் காப்பியும் எடுத்திருந்தாள். அதை ஃபைலில் வைப்பதா, கிழிப்பதா என்று தெரியாமல் டிராயரில் போட்டாள்.

ஆனி மாதம் லாரி நாங்குநேரிக்குப் போயிற்று. நேசையா அதற்கு மஞ்சளே அடித்தார். ஸீட்டுக்கு மேலிருந்த அந்தப் பலகையை மட்டும் சுந்தரி கேட்டு வாங்கிக்கொண்டாள். மழுப்பலாக அலமாரிக்கு ஆகும் என்றாள்.

ஆவணியில் மாரிராஜ் பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டான். அங்கே பெரிய உதிரிபாகக் கடையில் நல்ல இடம் கிடைத்திருக்கிறது என்று கலைச்செல்வி தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஒருவரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. கீழத்தெரு குறுக்குக் கேள்வி கேட்காவிட்டால் ஏற்கெனவே விடை தெரியும் என்று அர்த்தம். பஸ் ஏறும்போது அவன் “எக்கா” என்றான். அவள் “பைய போயிட்டு வா” என்றாள். புரட்டாசியில் அசன் முகம்மதுவின் மகள் அலிமா பீவிக்கு நிக்காஹ். அவள் காயல்பட்டினம் போனாள். சுந்தரி போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

சுந்தரி மட்டும் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, எங்கேயும் போகவுமில்லை. கேட்டுத் தாமரையின் வளைந்த இதழை நிமிர்த்தித் தருகிறேன் என்று அசன் முகம்மது சொன்னபோதும் வேண்டாம் என்றாள்.

ஐப்பசியில் தபால்காரர் ஒரு கவரைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவள் அனுப்பிய அதே கவர். முகவரியைக் குறுக்கே அடித்துப் பக்கத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.

‘இந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை. ஊர் மாறிப் போய்விட்டார்.’

கவரைத் திருப்பினாள். வாய் ஒரு தடவை பிரிக்கப்பட்டு, சோற்றுப் பருக்கையால் மறுபடி ஒட்டப்பட்டிருந்தது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ‘சாத்தான்குளம். கருப்பட்டி.’ அதற்குப் பக்கத்தில் கவரை வைத்தாள். இரண்டிலும் எழுத்து இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது, காற்றடித்த நாற்று மாதிரி.

போனவர் எந்த ஊருக்குப் போனார் என்று மட்டும் எழுதவில்லை.